லேபர் கட்சியில் லேபர் எங்கே?

வியாசர்பாடி வாசகி ஒருவர்: என் மகன் பிரிட்டனில் லீட்ஸில் படிக்கிறான். அங்கே லேபர் கட்சி என்றால் நம்ம ஊர் தொழிற்சங்கக் கட்சி மாதிரி என்று நினைத்திருந்தேன். அவனோ, "இங்கே புரொபசருங்கதான் லேபருக்குப் போடறாங்க, உழைக்கிற ஜனம் நிறைய பேர் எதிர்ப்பக்கம் போடறாங்க" என்கிறான். கதை விடுகிறானா?

கதை இல்லை அம்மா, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறான், அவ்வளவுதான். நீங்கள் நினைத்ததும் ஒரு காலத்தில் சரியே. பிரிட்டனில் கட்சி அரசியலுக்கு வர்க்கம்தான் அடிப்படை, மற்றதெல்லாம் மேல்பூச்சு என்று 1967ல் பீட்டர் பல்சர் என்ற அரசியல் அறிஞர் எழுதினார். அப்போதே தொழிலாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் லேபரின் வலதுசாரிப் போட்டியான கன்சர்வேடிவ் கட்சிக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

நம்ம வடசென்னை பின்னி துணி மில்லை நினைத்துப் பாருங்கள். 1918ல் வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது அந்த மில் ஆட்களை வைத்துத்தான். சங்கு ஊதினால் பட்டாளம், புளியந்தோப்பு, பெரம்பூர் தெருவெல்லாம் ஒரே பக்கம் நடக்கும், கூட்டத்துக்கும் சேர்ந்தே போவார்கள், ஓட்டுச்சாவடிக்கும் சேர்ந்தே போவார்கள். மில் மூடியாயிற்று. இப்போது அதே வீட்டில் ஒரு பேரன் ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை, இன்னொருவன் பைக்கில் சாப்பாடு டெலிவரி, தாத்தாவின் சங்க அட்டை டிரங்குப் பெட்டியில். ரெண்டு பேரும் ஒரே சின்னத்தில் குத்துவார்கள் என்று யாராவது பந்தயம் கட்டுவார்களா?

பிரிட்டனின் நிலக்கரி ஊர்களிலும் இதுதான் நடந்தது. 1984-85ல் ஒரு வருஷம் நீண்ட சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, சங்கம் இளைத்தது, படித்த பிள்ளைகள் மான்செஸ்டர், லண்டன் என்று கிளம்பிவிட ஊரில் வயசானவர்கள் தங்கினார்கள். அதற்கு முன்பே, 1980ல், உள்ளாட்சிக்குச் சொந்தமான கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் அந்த வீட்டையே தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்று பிரதமர் தாட்சரின் கன்சர்வேடிவ் அரசு சட்டம் போட்டிருந்தது. ஹவுசிங் போர்டு வீடு சொந்தப் பெயரில் பத்திரமானால் மனுஷன் யோசிக்கிற விதம் மாறுமா மாறாதா, நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் பிரெக்ஸிட். 2016 பொதுவாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியம் வேண்டாம் என்றார்கள். அங்கே பணக்காரன், ஏழை என்ற கோட்டைவிட டிகிரி உண்டா இல்லையா என்ற கோடுதான் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கோடு 2019 பொதுத்தேர்தலிலும் அழியவில்லை. போல்சோவர் தொகுதியில் லேபரின் டென்னிஸ் ஸ்கின்னர், தானே சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1970லிருந்து எம்.பி.யாக இருந்தவர், தோற்றார். லேபரின் முன்னாள் பிரதமர் டோனி பிளேர் வைத்திருந்த செட்ஜ்ஃபீல்டு தொகுதியும் போனது. தேர்தலுக்குப் பின் யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த கணக்கில், டிகிரி படித்தவர்களில் 43 சதவீதம் லேபர், 29 சதவீதம் கன்சர்வேடிவ். நம்ம பத்தாம் வகுப்பு அளவோடு நிறுத்தியவர்களில் கன்சர்வேடிவ் 58, லேபர் 25. உடலுழைப்பு வேலைக் குடும்பங்களை மட்டும் எடுத்தாலும் கன்சர்வேடிவ் 48, லேபர் 33. பெயரில் மட்டும் தொழிலாளியை வைத்திருக்கும் கட்சிக்கு இதைவிடப் பெரிய அடி என்ன வேண்டும்?

ராயபுரம் வாசகர்: அப்போ படிக்காதவர்களை ஏமாற்றி ஓட்டு வாங்குகிறார்கள், அப்படித்தானே?

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது சார். காசிமேட்டில் வலை பின்னுகிறவருக்கு டீசல் விலை பற்றி எந்த டிகிரிக்காரரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. டிகிரி என்பது புத்தியின் அளவுகோல் இல்லை, அதற்குப் பின்னால் வயசு ஒளிந்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் பல்கலைக்கழகம் போனார்கள், இப்போது மூன்றில் ஒருவருக்கு மேல் போகிறார்கள். அதனால் 'டிகிரி இல்லாதவர்' என்றால் பெரும்பாலும் பெரியவர், வீட்டுக்கடன் அடைத்து முடித்தவர். 'டிகிரிக்காரர்' என்றால் கல்விக்கடனும் நகரத்து வாடகையும் கழுத்தை நெரிக்கும் இளசு. யார் ஏழை, யார் வசதி என்று சட்டென்று சொல்லிவிட முடியாது.

அங்கே கருத்துக்கணிப்புக்காரர்கள் வர்க்கத்தை அளப்பதே ஒரு வேடிக்கை. ஏ, பி, சி1, சி2, டி, இ என்று வேலையை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். அரசு பென்ஷனை மட்டும் நம்பியிருக்கும் தாத்தா கடைசித் தரமான 'இ'யில் விழுவார், அவர் பெயரில் சொந்த வீடே இருந்தாலும். கால் சென்டரில் குறைந்த சம்பளம் வாங்குகிற பையன் 'சி1', அதாவது நடுத்தர வர்க்கம்! இந்தக் கணக்கை வைத்து வர்க்கமே செத்துவிட்டது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. வர்க்கம் இருக்கிறது, பழைய சட்டையைக் கழற்றிவிட்டது.

திருவொற்றியூர் வாசகர்: 2024ல் லேபர் அமோகமாக ஜெயித்ததே, தொழிலாளிகள் திரும்பி வந்துவிட்டார்களா?

சிலர் வந்தார்கள். ஆனால் லேபருக்குக் கிடைத்தது 33.7 சதவீத ஓட்டு, 411 இடம்! நம்ம ஊர் மாதிரிதான், தொகுதியில் முதலில் வருபவர் ஜெயித்தார். வலதுசாரி ஓட்டு கன்சர்வேடிவ், ரிஃபார்ம் என்று இரண்டாக உடைந்தது, ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கி வெறும் 5 இடத்தோடு நின்றது. அந்த ஐந்தில் ஒன்று ஆஷ்ஃபீல்டு, பழைய சுரங்கப் பகுதி. அங்கே ஜெயித்த லீ ஆண்டர்சன் முன்னாள் சுரங்கத் தொழிலாளி, முன்னாள் லேபர் கவுன்சிலர், அப்புறம் கன்சர்வேடிவ் எம்.பி., இப்போது ரிஃபார்ம். நான் மேலே இத்தனை பத்தி எழுதியதற்கு அந்த ஒரு ஆளின் ஜாதகத்தையே கொடுத்திருக்கலாம்.

கொருக்குப்பேட்டை வாசகி: அக்கா மகள் லண்டனில் மாஸ்டர்ஸ் படிக்கிறாள், இந்திய பாஸ்போர்ட்தான். அவளுக்கு அங்கே ஓட்டு உண்டா?

உண்டு! காமன்வெல்த் நாடான இந்தியாவின் குடிமகள், சட்டப்படி அங்கே தங்கியிருக்கிறாள், 18 வயசு ஆகிவிட்டது என்றால் பொதுத்தேர்தலிலேயே போடலாம். பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது போட்டோ அடையாள அட்டை கேட்கிறார்கள், அவள் பாஸ்போர்ட்டே போதும். தேர்தல் வழக்கமாக வியாழக்கிழமை வரும். காகிதச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும், விரலில் மை கிடையாது. ஸ்டேட்டஸில் போட விரல் போட்டோ கேட்டு அவளை நச்சரிக்காதீர்கள்.