பட்டன் வரும்போது பாட்டி என்ன செய்கிறாள்?

அன்புள்ள சார்,

நானும் தங்கையும் சேர்ந்து வீட்டு மாடி அறையில் ஒரு ஸ்டாப் மோஷன் படம் செய்திருக்கிறோம், பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டுவது. கொசப்பேட்டையில் வாங்கிய களிமண், போன் கேமரா, அவ்வளவுதான். தண்ணி லாரிக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டியின் கதை. மூன்று இடங்களில் படம் நின்று கேள்வி கேட்கும். பின்னால் நிற்கும் கர்ப்பிணியை முன்னால் விடலாமா, லாரி தள்ளிப்போய் நின்றால் ஓடலாமா, கிடைத்த தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று பார்ப்பவர்தான் பட்டனை அழுத்தி முடிவு செய்ய வேண்டும். மொத்தம் எட்டு முடிவுகள். நொடிக்கு 12 படம் எடுத்தோம். வெட்டி வெட்டிப் போகிறது, 24 வைத்து மறுபடி எடு என்கிறார்கள் நண்பர்கள். எங்களுக்கோ இன்னொரு கேள்வி சேர்க்க ஆசை. பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ச., பெரம்பூர்

அன்புள்ள ச.,

எல்லா வழியிலும் போய்ப் பார்த்தேன். லாரி வருவதற்கு முன் குடங்கள் மட்டும் வரிசையில் நிற்கிற காட்சி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆள் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பார், குடம் அவருக்காகத் தெருவில் இடம்பிடித்து நிற்கும். 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த வரிசையில் பச்சைக் குடம் ஒன்று யாரும் தொடாமல் தானாக ஒரு விரற்கடை முன்னேறுகிறதே, அது ஸ்டாப் மோஷனுக்கே உரிய காட்சி. செலோபேன் தாளைக் கசக்கித் தண்ணீராக்கியதும் சரியான யோசனை. நிஜத் தண்ணீர் அடுத்த படம் எடுக்கும்வரை நமக்காக நிற்காது.

24க்குப் போக வேண்டாம். உழைப்பு இரண்டு மடங்காகும், வெட்டு அப்படியேதான் இருக்கும். பாட்டி கையைத் தூக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு நகர்த்தியிருக்கிறீர்கள். அதனால் கை சட்டென்று கிளம்பி, சட்டென்று நிற்கிறது. உடம்பு அப்படி அசையாது. முதல் இரண்டு மூன்று படங்களில் மிகக் கொஞ்சம், நடுவில் தாராளமாக, முடிவில் மறுபடி கொஞ்சம் என்று நகர்த்துங்கள். 12 படத்திலேயே கை வழுக்கிக்கொண்டு போகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. உங்கள் படத்தில் கேள்வி வந்ததும் பாட்டி செத்துவிடுகிறாள். கடுமையான சொல்தான், ஆனால் பார்க்கும்போது அப்படித்தான் இருக்கிறது. அதுவரை தோளைக் குலுக்கி, குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டிருந்தவள் பட்டன் வந்த நொடியில் புகைப்படமாகிவிடுகிறாள். பார்ப்பவர் யோசிப்பது அந்த நேரத்தில்தானே? பாட்டி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாமா?

1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில், செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் கினோஆட்டோமாட் என்ற படத்தைக் காட்டினார்கள். பார்வையாளர்கள் பட்டன் அழுத்தி வாக்களித்துக் கதையை நகர்த்திய படம். படம் நிற்கும் இடங்களில் அதில் நடித்த மிரோஸ்லாவ் ஹோர்னிசெக்கே மேடைக்கு வந்து ஜனங்களோடு பேசுவார். படம் நின்றாலும் ஆள் உயிரோடு எதிரில் நிற்பார். உங்கள் பாட்டியால் மேடைக்கு வர முடியாது, ஆனால் மூச்சு விட முடியும்.

கேள்வி திரையில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் இரண்டு நொடி லூப் போதும், 24 படம். தோள் லேசாக ஏறி இறங்கட்டும், நடுவில் ஒருமுறை கண் லாரி பக்கம் போய்த் திரும்பட்டும். கடைசிப் படம் முதல் படத்தோடு ஒட்ட வேண்டும், அப்போதுதான் எத்தனை முறை சுற்றினாலும் குதிக்காது. பட்டனை அழுத்தியதும் உடனே வெட்டாதீர்கள். பட்டன் நிறம் மாறட்டும், லூப் ஒரு சுற்றை முடிக்கட்டும், அப்புறம் அடுத்த துண்டு தொடங்கட்டும். அந்தத் துண்டின் முதல் படத்தில் பாட்டி லூப் முடிந்த அதே நிலையில் நிற்க வேண்டும். ஸ்டாப் மோஷன் ஆப்பில் ஆனியன் ஸ்கின் என்ற வசதியில் பழைய படத்தை மங்கலாகப் போட்டுப் பொம்மையை அதன்மேல் பொருத்திக்கொள்ளுங்கள். இப்போது 'ஓடு' என்று அழுத்தினால் பாட்டி அரை அடி இடப்பக்கம் தாவுகிறாள்.

நான்காவது கேள்வி வேண்டாம். துண்டுக்கு 20 நொடி என்று வைத்தால் 240 படம். மூன்று கேள்விக்கும் கிளைகள் சேராமல் பிரிந்துகொண்டே போனால் 1, 2, 4, 8 என 15 துண்டுகள், 3,600 படங்கள். நான்காவது கேள்வி மட்டுமே இன்னும் 16 துண்டு கேட்கும். ஏற்கெனவே கை ஓய்ந்தது தெரிகிறது: எட்டு முடிவுகளில் நான்கில் பாட்டி நடப்பதே இல்லை, திரை இருண்டுவிடுகிறது. கினோஆட்டோமாட்டில் எதை அழுத்தினாலும் கதை அடுத்த கேள்விக்கு முன் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். நீங்களும் சேர்த்துவிட்டால் ஏழே துண்டுகள், 1,680 படங்கள். மிச்சமாகும் உழைப்பை லூப்புக்குப் போடலாம். ஆனால் சேர்ந்த பிறகும் பார்ப்பவர் செய்ததற்கு ஒரு தடயம் வேண்டும், இல்லையென்றால் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார். கர்ப்பிணியை முன்னால் விட்டவருக்கு மட்டும், அவள் திரும்பிப் பார்க்கிற ஒரு சின்ன ஷாட்டை அடுத்த துண்டுக்கு முன் செருகுங்கள்.

ஒளி மினுக்குகிறது. போன் ஒவ்வொரு படத்துக்கும் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்கிறது. எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) இரண்டையும் மாறாமல் பூட்டுங்கள். ஜன்னலை அடைத்துவிட்டு விளக்கில் மட்டும் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடியில் வையுங்கள், அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்றாக அடங்கிவிடும். இருவரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை பட்டுத் திரும்பும் வெளிச்சமும் படத்தில் விழும்.

கொசப்பேட்டை மண் பிள்ளையார் செய்கிற மண். காயும், காய்ந்தால் வெடிக்கும். பாட்டியின் முழங்கையில் விரிசல் தெரிகிறது. தெருவும் சுவரும் அந்த மண்ணிலேயே இருக்கட்டும், அழகாக இருக்கின்றன. பாட்டியை மட்டும் எண்ணெய் கலந்த கிளேயில், உள்ளே அலுமினியக் கம்பி வைத்துச் செய்யுங்கள். மே மாதத்தில் அது இளகிவிடும், இடையிடையே கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டாம். முதல் கேள்விக்கான லூப்பை மட்டும் எடுத்துச் சேர்த்துவிட்டு, படத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடுங்கள். பட்டனை அழுத்துவதற்கு முன் அவர் கண் பாட்டியிடம் போகிறதா, எழுத்துகளிடம் போகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.