முதல் மாசம் தராசு சொல்றதை அப்படியே நம்பாதீங்க

உடம்பைக் குறைக்க ஆரம்பிச்ச புதுசுல மனசு விட்டுப்போறதைப் பத்தி நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

வண்ணார்பேட்டை: அண்ணாச்சி, மொத வாரம் ரெண்டு கிலோ இறங்கிட்டு. இப்போ மூணாவது வாரம், முள்ளு அசையவே மாட்டேங்கு. விட்டுரலாமான்னு இருக்கு.

மொத வாரம் போனதுல பெரும்பகுதி தண்ணி. ஈரலும் தசையும் சேர்த்து வைக்கிற சர்க்கரைச் சேமிப்புதான் கிளைகோஜன், அது கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். சாப்பாடு குறைஞ்சதும் அது செலவாகும், தண்ணியும் கூடவே போயிரும். கொழுப்பு அந்த வேகத்துல போகாது. ஒரு கிலோ கொழுப்புன்னா சுமார் 7,700 கலோரி. தினம் 500 குறைச்சாலும் ஒரு கிலோவுக்கு ரெண்டு வாரம் ஆகும். இதுக்கு நடுவுல புதுசா நடந்து தசை வலிச்சா அங்க தண்ணி கோத்துக்கிடும். முந்தின நாள் கருவாட்டுக் குழம்புன்னா உப்பும் சேர்ந்துக்கும். பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தின நாட்கள்ல ஒரு கிலோ கூடத் தெரியலாம். கொழுப்பு குறைஞ்சாலும் முள்ளு நிக்கிறது இதனாலதான்.

காலையில கக்கூஸ் போயிட்டு வந்து, காப்பிக்கு முன்னாடி, ஒரே தராசைக் கட்டாந்தரையில வச்சு ஏறுங்க. ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால வகுத்து, அந்தச் சராசரியைப் போன வாரச் சராசரியோட மட்டும் ஒப்பிடுங்க. டெய்லர் நாடாவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்சை விட்டதும் அளவு பாருங்க. நம்ம ஆட்கள்ல ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ.தான் எல்லை. நாலு வாரம் ரெண்டுமே அசையலைன்னா சாப்பாட்டுக் கணக்கு எங்கேயோ உதைக்குது. முதல்ல எண்ணெயைச் சந்தேகப்படுங்க, ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி.

பாளை: ஞாயித்துக்கிழமைன்னா சொதி. யாராவது வந்தா அல்வா. வேண்டாம்னா அத்தை மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதாவ.

சொதியை விடவே வேண்டாம். தேங்காயோட முதல் பாலைப் பாதியாக்கி, ரெண்டாம் பாலையும் பாசிப்பருப்பையும் கூட்டுங்க. கிழங்கைக் குறைச்சு முருங்கைக்காய் போடுங்க. சோறுதான் அளவா இருக்கணும். அல்வா தீப்பெட்டி அளவு, சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தைகிட்ட ‘டயட்’ங்கிற வார்த்தையே எடுக்காதீங்க. “வயிறு நிறைஞ்சிட்டு அத்தை, நாளைக்குத் தாங்க”ன்னா சண்டையே வராது.

தென்காசி: சுகர் மாத்திரை போடுதேன். ராத்திரி சாப்பாட்டை விட்டா சீக்கிரம் குறையுமா?

டாக்டரைக் கேக்காம விடாதீங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டுப் பட்டினி கிடந்தா ரத்தத்துல சர்க்கரை 70-க்குக் கீழ போயிரலாம். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், படபடங்கும். உடனே மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டு, கால் மணி நேரத்துல திரும்பப் பாக்கணும். மெட்பார்மின் மட்டும்னா இந்த ஆபத்து குறைவு. எடை இறங்க இறங்க மாத்திரை அளவையும் மாத்த வேண்டி வரும்.

அம்பை: விடிகாலை எந்திரிக்க முடியல. ரெண்டு நாள் நடக்கேன், மூணாம் நாள் மழை, அதோட சரி.

அஞ்சு மணிக்குத்தான் நடக்கணும்னு யாரு சொன்னா? ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் பத்து நிமிஷம், ரெண்டு வாரத்துக்கு அவ்வளவுதான். மழைன்னா வீட்டுக்குள்ளேயே நடங்க. அப்புறம் வாரத்துக்கு அஞ்சு நிமிஷமா ஏத்தி முப்பதுல நிறுத்துங்க. வாரம் அஞ்சு நாள்னா 150 நிமிஷம், அது போதும். தினசரி காலண்டர்ல நடந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்க, எடையை அதுல எழுதாதீங்க. ஒரு நாள் விட்டுப்போகலாம், அடுத்த நாளும் விடக்கூடாது.

சங்கரன்கோவில்: வெந்நியில தேனும் எலுமிச்சையும் குடிச்சா கொழுப்பு கரையுமா?

கரையாது. ஒரு டீஸ்பூன் தேன்ல 20 கலோரி ஏறும், அவ்வளவுதான்.

கடையம்: நேத்து குத்தாலம் போனோம். பார்டர் கடையில நாலு பரோட்டா ஆயிட்டு. செஞ்சதெல்லாம் போச்சா?

ஒண்ணும் போகல. ஈடுகட்டுறேன்னு பட்டினி கிடந்தா சாயங்காலம் மிக்சர் டப்பாவுலதான் போய் முடியும். ரெண்டு நாளைக்குத் தராசுல ஏறாதீங்க, சால்னா உப்பு பிடிச்ச தண்ணியைக் கொழுப்புன்னு நினைச்சுக்கிடுவீங்க. திங்கக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளைக்கு இட்லி மூணு, சாம்பார் நிறைய.