ஸ்கூபா டைவிங்கிற்கு முதன்மை விளக்கு: 3000 லூமனா, 1000 லூமனா?

கேள்வி: பகல் டைவ் இருபதுக்கு மேல் முடித்துவிட்டேன். அடுத்து இரவு டைவ் தொடங்கப் போகிறேன். முதன்மை விளக்காக, ஒளிக்கற்றை 120 பாகை விரியும் 3000 லூமன் விளக்கை வாங்குவதா, 10 பாகை விரிவுள்ள 1000 லூமன் விளக்கை வாங்குவதா? இப்போது என்னிடம் ஒரு சிறிய டார்ச் மட்டுமே இருக்கிறது.

பதில்:

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், மனத்துக்குள் 3000 லூமன் விளக்கை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், யாராவது ஒருவர் ஆமோதித்தால் போதும் என்றிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் ஆமோதிக்கப் போவதில்லை. அதே போன்ற ஒரு விளக்கை ஆசை ஆசையாக வாங்கி, ஒரு படகு நிறைய ஆட்கள் முன்னால் தலைகுனிந்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பயிற்றுநர் அல்லன், விளக்கு விற்பவனும் அல்லன். 40 மீட்டருக்கு உட்பட்ட, தலைக்கு மேலே கூரை ஏதும் இல்லாத பொழுதுபோக்கு டைவிங்கைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். குகைக்குள்ளும் மூழ்கிய கப்பலுக்குள்ளும் போகிறவர்களுக்கு வேறு பயிற்சியும் வேறு விதிகளும் உண்டு. நீருக்கடியில் வீடியோ எடுப்பவர்களும் என்னுடன் சண்டைக்கு வர வேண்டாம். அகன்ற விளக்கு கேமராவுக்குத் தேவைதான், ஆனால் கேட்டவர் கேமராவைப் பற்றிக் கேட்கவில்லை.

அது என் நான்காவது இரவு டைவ். படகின் மேல்தளத்தில் புது விளக்கை ஒருமுறை எரியவிட்டுக் காட்டியபோது எல்லோரும் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள், எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. முந்தைய நாள் காற்று பலமாக வீசியதால் தண்ணீர் கொஞ்சம் கலங்கியிருந்தது. 14 மீட்டர் ஆழத்தில் பொத்தானை அழுத்தினேன். எனக்கு முன்னால் பவளப்பாறை தெரியவில்லை, ஒரு வெள்ளைத் திரைதான் தெரிந்தது. நீரில் மிதந்துகொண்டிருந்த துகள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஒளிர்ந்து என் கண்ணுக்கே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பின. வெளிச்சத்தைக் கூட்டினேன், திரை இன்னும் அடர்த்தியானது. கையை நன்றாக விலக்கிப் பக்கவாட்டிலிருந்து அடித்தபோதுதான் ஓரளவு உருவங்கள் புலப்பட்டன.

என் டைவ் கூட்டாளி என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மிகவும் மூத்தவர். உடலெல்லாம் கீறல் விழுந்த, என்னுடையதில் மூன்றில் ஒரு பங்கு லூமன்கூட இல்லாத ஒரு பழைய விளக்கைக் கையில் கட்டியிருந்தார். திடீரென்று என் முழங்காலுக்கு அருகே மணலில், சாப்பாட்டுத் தட்டு அளவிலான ஒரு வெளிச்ச வட்டம் மெல்லச் சுழன்றது. 'நலமா?' என்று கேட்கிறார். நானும் பதிலுக்கு என் விளக்கைச் சுழற்றினேன். ஆனால் என் விளக்கு சுற்றியிருந்த தரை முழுவதையும் ஒரே சீராக நனைத்துக்கொண்டிருந்ததால், எவ்வளவு சுழற்றியும் எதுவும் நகர்ந்ததாகவே தெரியவில்லை. பதில் கிடைக்காத அவர் மறுபடியும் கேட்டார், பிறகு துடுப்படித்து என் அருகில் வந்து, தன் கையைத் தன் வெளிச்சத்திலேயே பிடித்து விரல்களால் கேட்டார். ஒரு முதன்மை விளக்கின் வேலையில் பாதி, பேசுவது. வட்டமிட்டால் நலம், வேகமாகப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆபத்து என்பது முதல் இரவு டைவிலேயே சொல்லித்தரப்படும் மொழி. நடுவில் கூர்மையான புள்ளி இல்லாத விளக்கால் அந்த மொழியைப் பேச முடியாது.

இது போதாதென்று 38-ஆவது நிமிடத்தில் விளக்கு அணைந்தே போனது. மின்னளவைக் காட்டும் சிறு நிறவிளக்கு பொத்தானிலேயே இருந்தது, ஆனால் அதன் மேல்தான் என் கையுறை அணிந்த கட்டைவிரல் முழு நேரமும் இருந்தது. மாற்று விளக்கோ, காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் மிதப்பைச் சரிசெய்யும் டைவிங் ஜாக்கெட்டின் வலப்பக்கப் பையில், சிக்னல் மிதவைக்கும் அதன் கயிற்றுச் சுருளுக்கும் அடியில் கிடந்தது. நான் துழாவிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் கூட்டாளி அசையாமல் நின்று, தன் வெளிச்ச வட்டத்தை என் பையின் வாயிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். ஆபத்து எதுவும் நேரவில்லை, இருவரும் அமைதியாக மேலேறினோம். படகில் ஏறியதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "மூடுபனியில ஹை பீம் போட்டு வண்டி ஓட்டுவீங்களா தம்பி?" எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்தக் குழுவில் என் பெயரே 'ஹை பீம்' தான்.

கோபம் தணிந்த பின் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. லூமன் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த ஒளியின் அளவு, அந்த ஒளி எவ்வளவு பரப்பில் விழுகிறது என்பதை அது சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் பாகை பெரும்பாலும் காற்றில் அளந்தது. தட்டையான கண்ணாடி வழியாக ஒளி நீருக்குள் நுழையும்போது விலகிக் குறுகுவதால், காற்றில் 120 பாகையாக இருப்பது நீரில் ஏறத்தாழ 80 பாகையாகவும், 10 பாகையாக இருப்பது ஏழரைப் பாகையாகவும் ஆகிறது. 3 மீட்டர் தொலைவில் முதலாவது சுமார் 5 மீட்டர் அகலத்துக்குப் பரவும், இரண்டாவது 40 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். பரப்பளவில் இந்த வேறுபாடு நூற்றைம்பது மடங்குக்கும் மேல். ஆகவே நீங்கள் கேட்கும் 1000 லூமன் விளக்கு, அது விழும் இடத்தில், 3000 லூமன் விளக்கைவிட ஐம்பது மடங்கு அளவுக்குப் பிரகாசமாக இருக்கும். நீர் உறிஞ்சுவதையும் சிதறடிப்பதையும் விட்டுவிட்டுப் போட்ட தோராயக் கணக்குதான் இது, இயற்பியல் படித்தவர்கள் பின்னூட்டத்தில் திருத்த வருவதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது மடங்கு என்பது நாற்பதானாலும் முடிவு மாறாது.

மின்கலத்துக்கும் இதே போல ஒரு கணக்கு உண்டு. இந்த அளவு விளக்குகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் அயனி மின்கலம் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் பொருள். இதைவிடப் பெரியது 21700. நல்ல 18650 ஒன்றின் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணிக்கு அருகில் நின்றுவிடும், 9900 என்று அச்சிட்டு விற்கிறார்களே, அது கலப்படமற்ற பொய். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 12.6 வாட் மணி. ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன் என்று வைத்துக்கொண்டால், 1000 லூமன் விளக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 3000 லூமன் விளக்கு முழு வெளிச்சத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காது. பிறகு என் விளக்கு எப்படி 38 நிமிடம் எரிந்தது? சில நிமிடங்களிலேயே தானாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டதால்தான். அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, கைப்பேசியின் ஒளிமானிச் செயலியை அருகில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துப் பார்த்தேன். பத்தாவது நிமிடத்திலேயே தொடக்க வெளிச்சத்தில் பாதிதான் மிஞ்சியிருந்தது. விலாசத்தில் மட்டும் 3000 லூமன், குடியிருந்தது வேறு யாரோ.

கைவிளக்குகளை அளப்பதற்கு ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்றொரு அமெரிக்கத் தரநிலை இருக்கிறது. அதன்படி, வெளிச்சம் தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எரிந்த நேரத்தை எரியும் நேரம் என்று போட்டுக்கொள்ளலாம். எனவே 'மூன்று மணி நேரம் எரியும்' என்பதைப் படிக்கும்போது, அந்த மூன்றாவது மணி நேரத்தில் கையில் இருப்பது எரியும் விளக்கா, அணையப்போகும் திரியா என்று கேளுங்கள். நேரத்தையும் லூமனையும் வரைபடமாகவே வெளியிடும் தயாரிப்பாளர் கிடைத்தால் அவரை நம்பலாம். நீங்கள் செய்யும் டைவைப் போல ஒன்றரை மடங்கு நேரமாவது சீரான வெளிச்சம் தர வேண்டும் என்பது என் அளவுகோல்.

பகல் டைவில் விளக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டர் தாண்டும்போதே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். 18 மீட்டரில் சாம்பல் நிறக் கட்டியாகக் கிடந்த கடற்பஞ்சு ஒன்றின் மேல் ஒளியைச் செலுத்தியதும், அது குங்குமச் சிவப்பாக மாறியதை முதன்முறை பார்த்தவர் பிறகு பகலிலும் விளக்கில்லாமல் இறங்க மாட்டார். பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும் உயிர்களைப் பார்ப்பதற்கும் குறுகிய கற்றைதான் உதவும்.

பொத்தான் விஷயத்தில் என் கருத்து கடுமையானது. எரிய, அணைய, வேண்டுமானால் வெளிச்சத்தில் இரண்டு நிலைகள், இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஐந்து முறை அழுத்தினால் விட்டு விட்டு மின்னும் முறை வருகிற விளக்குகளில், அணைக்கப் போய் மின்னவிட்டு, அதை ஆபத்துச் சைகை என்று நினைத்து யாராவது பதறி ஓடி வருவார்கள். தலையைத் திருகி எரியவைக்கும் வகை எளிமையானதுதான், ஆனால் நீர் புகாமல் காக்கும் ஓ-ரிங்கின் மேலேயே ஒவ்வொரு திருகலும் நிகழ்கிறது என்பதால் அதை அடிக்கடி கவனிக்க வேண்டும். காந்தத்தால் நகரும் பொத்தானுக்கு உடலில் துளை தேவையில்லை என்பது நல்லது, அதன் இடுக்கில் மணல் சேருவது கெட்டது. எதுவானாலும் கையுறை போட்டுக்கொண்டு இயக்கிப் பார்த்து வாங்குங்கள். விளக்கைப் புறங்கையில் பொருத்தும் குட்மேன் கைப்பிடி ஒன்றும் வாங்குங்கள், விரல்கள் விடுபட்டால் ஜாக்கெட்டின் காற்றுப் பொத்தானை இயக்குவது எவ்வளவு எளிது என்பது அப்போது தெரியும்.

இங்கே ஒரு மனக்குறையைக் கொட்டிவிடுகிறேன். கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். அப்படிப் பழகிய பிறகு, பெரிய விளக்கு வைத்திருக்கும் ஒரே காரணத்தால் எதிரில் வருபவரின் முகத்துக்கு நேரே அதைத் திருப்பி 'நலமா?' என்று கேட்பவர்களை என்ன செய்வது? நலமாகத்தான் இருந்தோம் ஐயா, நீங்கள் திரும்பும்வரை. ஒளியைத் தரையில் காட்டுங்கள், அல்லது உங்கள் நெஞ்சின் மேல் காட்டிக் கையால் சைகை செய்யுங்கள். அகன்ற விளக்கு வைத்திருப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருவரின் கண்ணில் அது விழுந்தே தீரும் என்பதையும் உங்கள் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, 10 பாகை, 1000 லூமன் விளக்கை வாங்குங்கள். உங்களிடம் இருக்கும் சிறிய டார்ச் டைவிங்கிற்கென்று செய்யப்பட்டதாகவும், தாங்கும் ஆழம் மீட்டர் கணக்கில் குறிக்கப்பட்டதாகவும் இருந்தால், அதுவே மாற்று விளக்கு. ஐபிஎக்ஸ்8 என்ற நீர்புகாத் தரக்குறியீடு மட்டும் போட்டிருந்தால் போதாது, எத்தனை மீட்டர் என்பதைத் தயாரிப்பாளர் தனியே சொல்லியிருக்க வேண்டும். அதைப் பைக்குள் புதைக்காதீர்கள். மார்புப் பட்டையில், கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தாலும் தட்டுப்படும் இடத்தில், கொக்கியால் மாட்டுங்கள்.

புது விளக்கைக் கடலுக்குக் கொண்டுபோவதற்கு முன் வாளித் தண்ணீரில் ஒருமுறை முழுவதுமாக எரித்துப் பாருங்கள். மேசைமேல் வைத்துச் சோதிக்காதீர்கள், தண்ணீரால் குளிர வேண்டிய விளக்கு காற்றில் கை சுடும் அளவுக்குக் காய்ந்துவிடும். மின்கலம் மாற்றுவதைப் படகில் செய்யாமல் வீட்டிலேயே நல்ல வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். ஓ-ரிங்கைக் கழற்றி, துடைத்து, மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவி, மூடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். என்னுடைய இரண்டாவது விளக்குக்குள் தண்ணீர் புகுந்த அன்று, அந்தக் கறுப்பு வளையத்தின் குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது துண்டிலிருந்து உதிர்ந்த ஓர் இழை. அது கண் இமை முடி அளவுகூட இல்லை.