ஸ்டார் ட்ரெக் முன்கதைகள்: உறுத்தும் முரண்களும் உறுத்தாத முரண்களும்

முன்கதைத் தொடர்கள் பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஸ்டார் ட்ரெக்கைப் பற்றியவை. அதில் வியப்பில்லை. 1966-ல் தொடங்கிய மூலத் தொடருக்கு முந்தைய காலத்தை 'எண்டர்பிரைஸ்' (2001), 'டிஸ்கவரி' (2017), 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' (2022) என்று மூன்று தொடர்கள் சொல்லியிருக்கின்றன. எண்டர்பிரைஸ் கதை 2151-ல், மூலத் தொடரின் நாயகன் கேப்டன் கிர்க்குக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னால் தொடங்குகிறது. மற்ற இரண்டும் கிர்க் காலத்துக்குச் சில ஆண்டுகளே முன்னால் நடப்பவை. பதில்களில் கதை முடிச்சுகள் வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மூலத் தொடரில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கோள் போர்வீர இனத்தின் நெற்றி நம் நெற்றி போலவே இருக்கிறது. அதற்கு முந்தைய காலக் கதையான எண்டர்பிரைஸில் மேடு மேடாக இருக்கிறது. எது சரி?

கதைக்கு வெளியே உள்ள காரணம் எளிது. 1960-களின் தொலைக்காட்சிப் பட்ஜெட்டில் கருத்த ஒப்பனை, மீசை, தாடியோடு வேலையை முடித்தார்கள். 1979-ல் முதல் திரைப்படம் வந்தபோது பணம் இருந்தது, நெற்றியில் மேடு வந்தது. அப்புறம் வந்த எல்லாத் தொடர்களும் அதையே பிடித்துக்கொண்டன.

இதை 'முன்பும் இப்படித்தான் இருந்தார்கள், நாம்தான் பார்க்கவில்லை' என்று விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. 1994-ல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடர் அப்படித்தான் செய்தது. மூலத் தொடரின் கோர், கோலோத், காங் மூவரும் அதே நடிகர்களோடு, இம்முறை மேடான நெற்றியோடு திரும்பி வந்தார்கள். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் 1996-ல் அதே தொடர், தன் பாத்திரங்களைக் கிர்க் காலத்துக்கு அனுப்பிப் பழைய காட்சிகளோடு கலந்தபோது வித்தியாசத்தை மறைக்க வழியில்லாமல் போனது. 'வெளியாட்களிடம் இதைப் பற்றிப் பேசுவதில்லை' என்று அத்தொடரின் கிளிங்கான் பாத்திரமான வோர்ஃப் சொல்கிறார். அந்த ஒரு வசனத்தோடு நெற்றி விஷயம் கதைக்குள் நிஜமாக நடந்த ஒன்றாகிவிட்டது.

அதற்கான விடையை எண்டர்பிரைஸ் 2005-ல், 'அஃப்லிக்‌ஷன்', 'டைவர்ஜென்ஸ்' என்ற இரண்டு எபிசோட்களில் தந்தது. மரபணு மாற்றப்பட்ட மனிதர்களின் டிஎன்ஏவை வைத்துத் தங்கள் வீரர்களை வலுவாக்கக் கிளிங்கான்கள் முயல்கிறார்கள். சோதனை கைமீறித் தொற்றாகப் பரவுகிறது. மருந்து உயிரைக் காப்பாற்றுகிறது, நெற்றி மேட்டை மீட்கவில்லை. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஏனென்றால் ஒட்டுப்போடுவதற்கென்றே எழுதிய கதையாக இது தெரிவதில்லை. மரபணு மாற்றப்பட்ட சர்வாதிகாரி கானின் காலத்து 'ஆக்மென்ட்' கருக்கள் பற்றி அதே சீசனில் முன்பே சொன்ன கதையிலிருந்து இயல்பாக வளர்கிறது. மானமே உயிர் என்று வாழும் இனத்துக்கு முகமே அவமானச் சின்னமாகிறது. வோர்ஃபின் மௌனத்துக்கும் இப்போது கனம் கூடுகிறது.

பிறகு டிஸ்கவரி வந்து கிளிங்கான்களை முடியில்லாத, முற்றிலும் வேறு உருவத்தில் காட்டியது. அடுத்த சீசனில், போர்க்காலத்தில் மொட்டை அடித்திருந்தார்கள் என்று சொல்லி முடி வளர்த்துவிட்டார்கள். தொற்று ஒரு பகுதியினரை மட்டுமே தாக்கியது என்று எடுத்துக்கொண்டால் மேடுள்ளவர்கள் இருப்பதைப் புரிந்துகொள்ளலாம். அந்தப் புது உருவத்துக்கு விளக்கம் கிடையாது, தேடவும் வேண்டாம்.

ரோமுலன்கள் என்ற எதிரி இனத்தைப் பற்றி எண்டர்பிரைஸ் சொல்வது மூலத் தொடரின் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' எபிசோடைப் பொய்யாக்குகிறது என்கிறார்களே?

பாதி உண்மை. 1966-ல் வந்த அந்த எபிசோட் சொல்வது இதுதான்: ஒரு நூற்றாண்டுக்கு முன் பூமிக்கும் ரோமுலன்களுக்கும் போர் நடந்தது. பழங்கால அணு ஆயுதங்களால் போரிட்டார்கள், கைதிகளைப் பிடிக்கவில்லை. கப்பலுக்குக் கப்பல் முகம் பார்த்துப் பேசும் வசதி இல்லை. எனவே எந்த மனிதரும் ரோமுலன் ஒருவரைக் கண்டதில்லை. இந்த அறியாமைதான் அந்தக் கதையின் உயிர். ரோமுலன் முகம் திரையில் தெரிந்து, அது கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக்கின் வல்கன் இன முகம் போலவே இருக்கும்போது, போரில் உறவுகளை இழந்த குடும்பத்து அதிகாரி ஸ்டைல்ஸின் கண் ஸ்பாக் பக்கம் திரும்புகிறதே, அந்தக் கணத்துக்காகத்தான் மொத்த எபிசோடும்.

எண்டர்பிரைஸ் எழுதியவர்கள் இதைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். 2002-ல் வந்த 'மைன்ஃபீல்ட்' எபிசோடில் ரோமுலன்கள் வெறும் குரலாக மட்டுமே வருகிறார்கள். நான்காம் சீசனில் ஆளில்லாத கப்பலைத் தொலைவிலிருந்து இயக்குகிறார்கள். நமக்கு அவர்கள் முகம் தெரிகிறது, எண்டர்பிரைஸ் தொடரின் நாயகன் கேப்டன் ஆர்ச்சருக்குத் தெரிவதில்லை. ஆர்ச்சரின் கப்பலில் திரையில் முகம் பார்த்துப் பேச முடிகிறது என்பது சின்ன உறுத்தல். ரோமுலன்கள் முகம் காட்ட மறுத்தார்கள் என்று கொண்டால் அதுவும் அடங்கும்.

அடங்காதது, கப்பலை மறைக்கும் கருவி. 1966 எபிசோடில் ஸ்பாக், கண்ணுக்குத் தெரியாமல் போவது கோட்பாட்டளவில் முடியும், ஆனால் ஆற்றல் செலவு மிக அதிகம் என்று புதிதாக ஒன்றைப் பற்றிச் சொல்வது போலப் பேசுகிறார். எண்டர்பிரைஸிலோ முதல் எபிசோடிலேயே சுலிபன் என்ற எதிரி இனத்திடம் மறைப்புக் கருவி இருக்கிறது. அவர்களுடைய சிறு கப்பல் ஒன்று ஆர்ச்சரின் ஆட்கள் கைக்கே வருகிறது. 'மைன்ஃபீல்ட்' கதையில் ரோமுலன் கப்பல்களே மறைந்து தோன்றுகின்றன. ரசிகர்கள் பல விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். பழைய வகை மறைப்பை உணர்கருவிகள் முறியடித்துவிட்டன, இது புது வகை என்பது அவற்றில் நல்லது. ஆனால் திரையில் அதை யாரும் சொல்லவில்லை. இதை நேரான முரண் என்றே நான் கணக்கில் வைப்பேன்.

பேராசைக்கார ஃபெரங்கி இனத்தையும், பிறரைப் பாதி எந்திரமாக மாற்றும் 'போர்க்' (Borg) இனத்தையும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் கேப்டன் பிக்கார்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆர்ச்சர் சந்தித்துவிட்டாரே?

இரண்டு எபிசோட்களும் ஒரே தந்திரத்தை நம்புகின்றன. வந்தவர்களின் இனப்பெயரை யாரும் சொல்வதில்லை. ஃபெரங்கி விஷயத்தில் அது போதும். வழிப்பறிக்கு வந்த சிலர், பெயர் தெரியவில்லை, பதிவேட்டில் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

'போர்க்' இனத்தின் கதை (2003-ல் வந்த 'ரீஜெனரேஷன்') தனிச் சிக்கல். 1996 திரைப்படத்தில் 2063-ம் ஆண்டில் சிதைந்து விழுந்த போர்க் இனத்துக் கப்பலின் மிச்சம் ஆர்க்டிக் பனியில் கிடைக்கிறது. இது அழகான தொடுப்பு. கடைசியில் போர்க்குகள் அனுப்பும் செய்தி போய்ச்சேர இருநூறு ஆண்டுகளாவது ஆகும் என்பதும் பிக்கார்டின் காலத்தோடு பொருந்துகிறது. ஆனால் மருத்துவர் ஃப்ளாக்ஸ் தன் உடலில் புகுந்த போர்க் இனத்து நுண்கருவிகளைக் கதிர்வீச்சால் அழித்துவிடுகிறார். பெயர் தெரியாவிட்டாலும் சிகிச்சைக் குறிப்பு இருந்திருக்குமே? இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிக்கார்டே போர்க் இனத்தவராக மாற்றப்பட்டபோது அந்தக் குறிப்பை யாரும் புரட்டவில்லையா? பெயரை மறைத்தவர்கள் மருந்தை மறைக்க மறந்துவிட்டார்கள்.

1979 படத்தில் 'எண்டர்பிரைஸ்' என்ற பெயர் கொண்ட பழைய கப்பல்களின் படவரிசை வருகிறது. ஆர்ச்சரின் கப்பல் அதில் இல்லை. அதுபோல, 2153-ல் பூமியில் 70 லட்சம் பேர் இறந்த, ஸிண்டி என்ற இனத்தின் தாக்குதலைப் பற்றி கிர்க்கோ பிக்கார்டோ பேசியதே இல்லை. இவை பிழைகள்தானே?

இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டது முரணாகாது. 'அப்படி ஒன்று நடக்கவே இல்லை' என்று யாராவது சொல்லியிருந்தால்தான் முரண். சுவரில் எல்லாக் கப்பலும் இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆர்ச்சரின் கப்பல் கிர்க்கின் கப்பலைவிடப் புதிதாகத் தெரிகிறதே?

2001-ல் எடுத்ததால். இதில் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஸ்டார் ட்ரெக் தன் பழைய அரங்கத்தை எப்போதும் மதித்தே வந்திருக்கிறது. 1992-ல் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஓர் எபிசோடிலும், 1996-ல் டீப் ஸ்பேஸ் நைனிலும், 2005-ல் எண்டர்பிரைஸின் 'இன் எ மிர்ரர், டார்க்லி'யிலும் மூலத் தொடரின் உட்புறத்தை அப்படியே திரும்பக் காட்டினார்கள். கடைசியாகச் சொன்னதில் ஆர்ச்சரின் காலத்து ஆட்கள் கிர்க் காலத்துக் கப்பலுக்குள் நுழைந்து, அதன் வண்ணப் பொத்தான்களை எதிர்காலத்தின் உச்சம் போல வியந்து பார்க்கிறார்கள். பார்க்கும் நாமும் வியக்கிறோம், அதுதான் அந்த எபிசோடின் சாதனை.

ஆயுதத்தில் மட்டும் ஒரு நெருடல் உண்டு. மூலத் தொடரின் முதல் பைலட்டான (மாதிரி எபிசோடான) 'தி கேஜ்' கதையில் லேசர் துப்பாக்கிகள் வருகின்றன, ஃபேசர் பின்னால்தான் வருகிறது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆர்ச்சரின் ஆட்கள் 'ஃபேஸ் பிஸ்டல்' வைத்திருக்கிறார்கள்.

மூலத் தொடர் மட்டும் முரணில்லாததா?

நல்ல கேள்வி, இதை நினைவில் வைப்பது நியாயம். இரண்டாவது பைலட்டில் வரும் கல்லறைக் கல்லில் கிர்க்கின் பெயர் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்', பிறகு அவர் 'டி.' ஆகிவிட்டார். அதே எபிசோடில் ஸ்பாக், தன் முன்னோரில் ஒருவர் மனிதப் பெண்ணை மணந்ததாகத் தூரத்து உறவு போலச் சொல்கிறார். 1967-ல் பார்த்தால் அந்த மனிதப் பெண் அவருடைய அம்மா. பூமியும் பிற கோள்களும் சேர்ந்த கூட்டமைப்பு என்ற ஒன்றே முதல் சில எபிசோட்களில் இல்லை. ஒளியை மிஞ்சும் வார்ப் பயணத்தைக் கண்டுபிடித்த ஸெஃப்ரம் காக்ரேன் 1967-ல் 'ஆல்ஃபா சென்டாரியைச் சேர்ந்தவர்', 1996 படத்தில் அமெரிக்காவின் மொன்டானாவில் ராக்கெட் கட்டுகிறார். கடைசி வயதில் ஆல்ஃபா சென்டாரியில் குடியேறினார் என்று சொல்லிவிடலாம், சரி.

டிஸ்கவரியின் மைக்கேல் பர்னம் ஸ்பாக்கோடு வளர்ந்த அக்காவாம். ஸ்பாக் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லவில்லையே?

ஸ்பாக் தன் குடும்பத்தைப் பற்றிப் பேசாதவர் என்பது 1967-லேயே நிலைநாட்டப்பட்டது. தூதர் சாரெக் கப்பலுக்கு வந்து நிற்கிறார். பெற்றோரைப் பார்த்துவர நேரமிருக்கிறது என்று கிர்க் சொன்ன பிறகுதான், இவர்களே என் பெற்றோர் என்று ஸ்பாக் வாய் திறக்கிறார். 1989 படத்தில் திடீரென்று சைபாக் என்றொரு அண்ணன் முளைத்தார். ஆகவே ஒரு சகோதரியை மறைத்தார் என்பது அவர் குணத்தோடு ஒத்துப்போகிறது.

எனக்கு உடன்பாடில்லாதது 2019-ல் அந்தத் தொடர் தேர்ந்தெடுத்த தீர்வு. டிஸ்கவரி கப்பலைத் தொலைதூர எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டு, அதைப் பற்றிப் பேசுவதே தேசத்துரோகம் என்று பூட்டுப்போட்டார்கள். குணத்தால் விளைந்த மௌனத்தின் மேல் சட்டத்தால் ஒரு மௌனம். முதலாவதே போதுமானதாக இருந்தது.

ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். அதில் கார்ன்கள் என்ற பல்லி போன்ற இனம் வருவதை எப்படி ஏற்கிறீர்கள்?

ஏற்கவில்லை. பிடித்த தொடர் என்பதால் இதைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது.

1967-ன் 'அரீனா'வில் கிர்க் தளபதிக்கு கார்ன்கள் புதியவர்கள். புறக்காவல் நிலையத்தை அழித்த எதிரியைத் துரத்திப் போகிறார், பழிவாங்கும் வெறியில். மேலான இனமொன்று இருவரையும் தனியே மோதவிடுகிறது. வென்ற பிறகு, கொல்லும் வாய்ப்பு கையில் இருக்கும்போது கிர்க் நிறுத்துகிறார். நாம்தான் அவர்கள் எல்லைக்குள் நுழைந்தோமோ, அவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்களோ என்ற சந்தேகம் அவர் கையைத் தடுக்கிறது. ஸ்டார் ட்ரெக் என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் முதலில் காட்டும் காட்சி அது.

2022 தொடரில் கார்ன்கள் மனித உடலில் முட்டையிட்டு வேட்டையாடும் இனம். அந்தத் தொடரின் கேப்டன் பைக்கின் கப்பலில் இருக்கும் எல்லோருக்கும், ஸ்பாக்குக்கும், அவர்களைத் தெரியும். தேதி, பெயர் முரண்களை யாராவது என்றாவது சரிக்கட்டலாம். கிர்க்கின் அந்தத் தயக்கத்தை எப்படிச் சரிக்கட்டுவது? அத்தனை கொடூரத்தையும் பதிவேட்டில் படித்த ஒருவர் 'இவர்கள் தற்காப்புக்காகச் செய்திருக்கலாம்' என்று யோசிப்பாரா? ரோமுலன் முகத்தை அவ்வளவு பொறுப்போடு காத்த எண்டர்பிரைஸை நினைத்தால் இது இன்னும் வலிக்கிறது. வேறு பெயரில் ஒரு புது இனத்தை உருவாக்கியிருந்தால் இதே எபிசோட்கள் இதே அளவு அச்சம் தந்திருக்கும்.

எல்லா முரணையும் 'காலப்பயணிகள் நடத்திய காலப்போர் வரலாற்றை மாற்றிவிட்டது' என்று சொல்லிவிடலாமா?

2023-ல் ஒரு விஷயத்துக்கு அப்படிச் சொன்னார்கள். மூலத் தொடரின்படி கான் 1990-களில் உலகின் கால்பகுதியை ஆண்டவர். 1990-கள் வந்துபோய்விட்டன, கானைக் காணோம். காலத்தில் நடந்த குறுக்கீடுகளால் அது தள்ளிப்போனது என்று ஒரு ரோமுலன் உளவாளி வாயால் சொல்லவைத்தார்கள். நிஜ உலகின் நாட்காட்டியோடு மோதும் இடத்தில் வேறு வழியில்லை, ஏற்கிறேன். எல்லாவற்றுக்கும் இதையே மருந்தாகக் கொடுத்தால் பழைய கதைகளில் நடந்த எதற்கும் உறுதி இல்லாமல் போகும்.

புதிதாகத் தொடங்குகிறேன். கதைக்காலப்படி எண்டர்பிரைஸிலிருந்து பார்க்கலாமா?

வேண்டாம், வெளிவந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் பார்க்க நேரமில்லை என்றால், 'மைன்ஃபீல்ட்' பார்க்கும் முன் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' பார்த்துவிடுங்கள். அந்தக் குரல் யாருடையது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆர்ச்சருக்குத் தெரியக்கூடாது.

ரோமுலன் போரை இனியாவது எடுத்தால் எதையெல்லாம் காக்க வேண்டும்?

எண்டர்பிரைஸ் 2005-ல் நான்கு சீசனோடு நின்றுபோனதால் 2156 முதல் 2160 வரையிலான அந்தப் போர் திரைக்கு வரவே இல்லை. பழைய எபிசோட் விதித்த கட்டுகள் கொஞ்சம்தான்: அணு ஆயுதம், கைதிகள் இல்லை, முகம் தெரியாது, சமாதான ஒப்பந்தம்கூட வானொலி வழியே, பின் நடுநிலை மண்டலம். எதிரியின் முகத்தை ஒருமுறைகூடக் காட்டாமல் ஒரு முழுப் போரைச் சொல்வது கடினம்தான். ஆனால் அதைச் செய்யத் தயாராக இருக்கும் எழுத்தாளர் கையில் மட்டுமே இந்தக் கதை போய்ச்சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.