பழைய அமெரிக்கப் பேனாக்கத்தியை அதன் விளம்பரப் பக்கத்தோடு சேர்த்து வாங்குங்கள்

கேள்வி: பழைய அமெரிக்கப் பேனாக்கத்திகளையும், பத்திரிகைகள் சந்தாவுக்காகக் கொடுத்த பரிசுப் பொருள்களையும் சேகரிக்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாகத் தொடங்குகிறவர் எதைக் கவனித்து வாங்க வேண்டும்?

நான் இந்த இரண்டையும் சேர்த்தே சேகரிக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடமும் அதையே வற்புறுத்துகிறேன். கத்தியை மட்டும் வாங்கினால் நல்ல எஃகும் நல்ல வேலைப்பாடும் கையில் இருக்கும். அதைப் பரிசாக அறிவித்த பக்கமும் இருந்தால், அது எந்த ஆண்டில், எப்படிப்பட்ட வீட்டுக்கு, என்ன உழைப்புக்குக் கூலியாகப் போய்ச் சேர்ந்தது என்பதும் தெரியும். பெட்டி பிரிக்காத விலையுயர்ந்த ரெமிங்டன் நிறுவனக் கத்தி ஒருபுறம், அலகு தேய்ந்த மலிவான பரிசுக் கத்தியும் அதன் விளம்பரப் பக்கமும் மறுபுறம் என்று வைத்தால், யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

நம் வாரப் பத்திரிகைகளோடு வரும் இலவச இணைப்பைப் போல இதை நினைக்கக் கூடாது. இந்தப் பரிசை உழைத்துப் பெற வேண்டும். பாஸ்டன் நகரிலிருந்து 1827 முதல் 1929 வரை வெளிவந்த 'தி யூத்ஸ் கம்பானியன்' என்ற பத்திரிகைதான் இதற்குச் சிறந்த உதாரணம். அக்டோபர் மாதத்தில் அதன் பரிசுப் பட்டியல் இதழ் வரும். ஏற்கெனவே சந்தாதாரராக இருப்பவர் புதிய சந்தாதாரர் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால், பட்டியலிலிருந்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கலாம். 1890களில் ஆண்டுச் சந்தா 1.75 டாலர். அன்றைய சாதாரணக் கூலித் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாத தொகை அது. பக்கத்துப் பண்ணைக்காரரை அந்தப் பணத்தைக் கொடுக்கச் சம்மதிக்கவைத்த பையனுக்குத்தான் கத்தி.

அந்தப் பட்டியல்களைச் சும்மா புரட்டினாலே நேரம் போவது தெரியாது. கத்திகள், மரம் அறுக்கும் சிறு ரம்பங்கள், படங்களைத் திரையில் பெரிதாகக் காட்டும் மாய விளக்குகள், தபால்தலைகள் என்று எல்லாம் வரும். நியூ பெட்ஃபோர்டு நகரின் வீடன் நிறுவனம் செய்த சிறிய நீராவி இயந்திரம் 1884இல் இந்தப் பத்திரிகையின் பரிசாகத்தான் அறிமுகமானது. சாராய விளக்கை ஏற்றினால் உண்மையாகவே ஓடும் இயந்திரம் அது. அதே பத்திரிகையின் பரிசுப் பிரிவைக் கவனித்துவந்த ஜேம்ஸ் அப்ஹாம், 1888இல் பள்ளிகளுக்குத் தேசியக் கொடி விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அமெரிக்க மாணவர்கள் இன்றும் சொல்லும் கொடி உறுதிமொழி, அவரோடு வேலை பார்த்த பிரான்சிஸ் பெல்லமி எழுதி, 1892 செப்டம்பர் 8 இதழில் முதலில் அச்சானது. பேனாக்கத்தி அனுப்பிய அலுவலகத்திலிருந்துதான் ஒரு நாட்டின் உறுதிமொழியும் வந்தது என்பது என்னை இன்னும் வியக்கவைக்கிறது.

பத்திரிகைகள் ஏன் இவ்வளவு தாராளமாக இருந்தன? 1879ஆம் ஆண்டின் தபால் சட்டம் இதழ்களுக்குத் தனிச் சலுகைக் கட்டணத்தைக் கொடுத்தது. 1885இல் அது ஒரு பவுண்டு எடைக்கு ஒரு சென்டாகக் குறைந்தது. ஒரு பிரதியைக் கூடுதலாக அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. விற்பனை ஏறினால் விளம்பரக் கட்டணத்தை ஏற்றலாம். ஆகவே ஒரு சந்தாதாரரைப் பெற ஒரு கத்தியைக் கொடுப்பது அவர்களுக்கு லாபகரமான செலவு. அதிலும் கத்தி தபாலுக்கென்றே செய்த பொருள்போல அமைந்தது. 1913இல் பார்சல் தபால் வரும்வரை நான்கு பவுண்டுக்கு மேல் எடையுள்ள பொட்டலத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. சில அவுன்ஸ் எடையுள்ள கத்தி உடையாது, கசியாது, உறைக்குள் அடங்கிவிடும். பண்ணைப் பையன் ஒருவன் தன் சொந்தச் சம்பாத்தியம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய முதல் கருவியும் அதுதான்.

பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் நிறுவனம் இதை வேறு விதமாக நடத்தியது. ஐந்து சென்ட் விலையுள்ள 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழை வீடு வீடாக விற்ற சிறுவர்களுக்குக் கமிஷனோடு 'பிரௌனி' என்ற சீட்டுகளும் கிடைத்தன. ஐந்து பிரௌனி சேர்ந்தால் ஒரு 'கிரீனி'. அவற்றைச் சேர்த்து நிறுவனத்தின் பரிசுப் பட்டியலிலிருந்து பொருள் வாங்கலாம். அந்தச் சீட்டுகளையும் பட்டியல்களையும்கூட விட்டுவிடாதீர்கள்; கத்தியைவிட அவைதான் அதிகம் அழிந்துபோயின.

பரிசுக் கத்திகள் பலவற்றில் பத்திரிகையின் பெயர் இருக்காது. தயாரிப்பாளரின் முத்திரை இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. விற்பவர் "இது இன்ன பத்திரிகையின் பரிசு" என்று சொன்னால், பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். படத்தில் அலகுகள் எத்தனை, இரு முனைகளிலும் உள்ள பூண் என்ன வடிவம், கைப்பிடியில் பதித்த சின்னம் எங்கே, நகத்தால் இழுத்துத் திறக்கும் பள்ளம் அலகின் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அப்போதும் முழு நிச்சயம் கிடைக்காது. ஒரே அச்சுப் படத்தைப் பல ஆண்டுகள் பல பட்டியல்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இரண்டு மூன்று ஆண்டுப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்க்கிறவருக்கே ஆண்டு பிடிபடும்.

முத்திரை இருந்தால் வேலை சுலபம். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இன் மெக்கின்லி வரிச் சட்டம் விதித்தது. எனவே 'ஜெர்மனி' என்று பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அதே சட்டத்தின் வரியால்தான் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளின் சந்தை ஆதிக்கம் குறைந்து, நியூயார்க் மாநிலத்தின் வால்டன், எலன்வில் போன்ற ஊர்களின் பட்டறைகள் செழித்தன. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் நிறுவனத்தின் கத்திகளில் எண்ணே பேசும். 6254 என்றால், 6 எலும்புக் கைப்பிடி, 2 அலகுகளின் எண்ணிக்கை, 54 'டிராப்பர்' மாதிரி. 1970இல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகளைப் பொறித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அந்தப் பத்தாண்டுக் கத்தியில் ஐந்து புள்ளி இருந்தால் 1975.

மலிவான வகையை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். இத்தாலியிலிருந்து வந்த மிராண்டோ சகோதரர்கள் 1916இல் பிராவிடன்ஸ் நகரில் தொடங்கிய இம்பீரியல் நிறுவனம், மெல்லிய உலோகத் தகட்டை அழுத்திக் கூடுபோலச் செய்து, அதையே கைப்பிடியாகப் பொருத்தியது. வானொலி, தொலைக்காட்சிக் கௌபாய் நாயகர்களின் படம் போட்ட சிறுவர் கத்திகள் பல இந்தக் கூடுபோன்ற கைப்பிடியோடு வந்தவை. ஒஹாயோவின் கேன்டன் நகரில் செய்த, கண்ணாடிபோன்ற செல்லுலாய்டின் அடியில் புகைப்படம் வைத்த கத்திகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. வாங்கியவர் தன் பெயரையும் படத்தையும்கூட வைத்துத் தரச் சொல்லலாம்.

போலிகள் நிறைய. குடிபானப் பெயர்கள் பொறித்த 'பழைய' விளம்பரக் கத்திகளில் பெரும்பகுதி பின்னாளில் செய்தவை. அலகு தேய்ந்திருக்க, முத்திரை எழுத்து மட்டும் கூர்மையாக இருந்தால் விலகிவிடுங்கள். அசல் முத்திரையைத் தேய்த்துவிட்டு வேறொன்றைப் பொறித்திருந்தால், அலகின் அடி மெலிந்து, பக்கத் தகட்டுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி தெரியும். திறந்து மூடும்போது ஸ்பிரிங் 'டக்' என்று அழுத்தமாக ஒலிக்க வேண்டும். மூடிய நிலையில் அலகின் நுனி வெளியே எட்டிப் பார்த்தால், சாணை பிடித்துப் பிடித்து மிகவும் தேய்ந்துவிட்டது என்று பொருள். வாங்கிய பிறகு பளபளப்பாகத் தேய்க்கவே கூடாது. கார்பன் எஃகில் படிந்த சாம்பல் நிறம் அதன் வயது. செந்துருவை மட்டும் எண்ணெய் தடவி மெதுவாக எடுங்கள்.

செல்லுலாய்டு கைப்பிடியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அது சிதையத் தொடங்கினால் நைட்ரிக் அமில ஆவியை வெளியிடும். தன் அலகை மட்டுமல்ல, அருகில் உள்ள கத்திகளையும் அரித்துவிடும். அவற்றைத் தனிப் பெட்டியில், காற்றோட்டத்தோடு, வெயிலும் வெப்பமும் படாமல் வையுங்கள். அலகில் காரணமில்லாமல் துரு பூத்தால், கைப்பிடியில் மெல்லிய வெடிப்புகளைத் தேடுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. நீண்ட காலத்துக்குத் தோல் உறையிலும் வைக்காதீர்கள். தோலில் உள்ள அமிலமும் ஈரமும் பூணைப் பச்சையாக்கும்.

முதல் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், பத்திரிகையில் போடுங்கள் என்பேன். அதிலும் தனி இதழ்களையே தேடுங்கள். நூலகங்களுக்காக அழகாகக் கட்டிய தொகுதிகளில் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்தெறிந்துவிட்டுக் கட்டுவது அன்றைய வழக்கம். நமக்கு வேண்டியது போய்விட்டிருக்கும். கட்டிய தொகுதியை யாராவது விற்க வந்தால், அக்டோபர் இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.