வெள்ளைத் தூளுக்கு முகமூடி போதுமா?

இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் மூன்று, கல் வெட்டியெடுக்கும் கல்மலையையும் கல்லை அரைக்கும் கல்மாவு ஆலையையும் பற்றியவை. ஆகவே இப்பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பால்மரம் வெட்டி நான் வளர்த்த மகன், மூன்று ஆண்டுகளாகப் பட்டணத்துக்கு வெளியே ஓர் அரவை ஆலையில் வெள்ளைத் தூளை மூட்டை பிடிக்கிறான். அவன் சட்டையைத் துவைத்தால் வாளித் தண்ணீர் அரிசி கழுவிய நீரைப்போல் ஆகிவிடுகிறது. நாளுக்கு ஒரு காகித முகமூடி கொடுக்கிறார்கள். "முகப்பவுடர் மாதிரிதான், ஒன்றும் செய்யாது" என்கிறார்களாம். இரண்டு மாதமாக இருமல் நிற்கவில்லை. பயப்பட வேண்டுமா?
— ஒரு தாயார்

பதில்: அம்மா, முதலில் இருமலைக் கவனியுங்கள். இந்த வாரமே மகனை அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். "இருமல்" என்பதோடு நிறுத்தாமல், என்ன தூள், எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, மூச்சுத் திறன் சோதனை, காசநோய்க்கான சளிச் சோதனை மூன்றையும் கேளுங்கள். தொழில் என்னவென்று சொல்லாததால் வெறும் சளி என்று மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் நம்மிடையே பலர்.

அடுத்து, அது என்ன தூள் என்பதே முக்கியம். சுண்ணாம்புக்கல் மாவும், கயோலின் எனும் வெள்ளைக் களிமண்ணும், அரைத்த சிலிக்கா மணலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இவற்றில் சுண்ணாம்புக்கல் மாவு கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், ஆயினும் ஒப்பளவில் தீங்கு குறைந்தது. கயோலினை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் படியும். அரைத்த சிலிக்காவோ இம்மூன்றிலும் கொடியது. படிகச் சிலிக்காத் தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-இல் வகைப்படுத்தியது. அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயில் நுரையீரல் தழும்பேறி இறுகுகிறது. அந்தத் தழும்பை ஆற்ற மருந்தில்லை, வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும், காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும். வழக்கமாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் சென்றே தெரியவரும் இந்நோய், தூசி மிக அடர்ந்த இடத்தில் சில ஆண்டுகளிலேயே, அரிதாகச் சில மாதங்களிலேயே வந்துவிடுவதுண்டு.

எனவே மூட்டையில் இருப்பதன் பாதுகாப்புத் தரவுத் தாளை மகன் கேட்டு வாங்க வேண்டும். அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு விதிமுறை. அதில் "சிலிக்கா", "குவார்ட்ஸ்" என்ற சொற்கள் உள்ளனவா, எத்தனை விழுக்காடு என்று பாருங்கள். அந்த ஆலையில் எது அரைபடுகிறது என்பதைப் பார்க்காமல் நான் சொல்ல இயலாது. ஆனால் தாளைக் காட்டாமல் "முகப்பவுடர்" என்று மட்டும் சொல்லும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

முகமூடியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பல ஆண்டுகள் ஆலைகளில் காற்றின் தூசியை அளந்தவன். ஒரு மூட்டைக் கொட்டகையில், தகரக் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் கீற்றில் தூசி பால்போல் சுழல்வதைக் காட்டி, "இதைத்தானே அளக்கிறீர்கள்?" என்று ஒரு தொழிலாளி கேட்டார். அல்ல, நான் அளக்க வந்தது அந்தக் கீற்றிலும் கண்ணுக்குத் தெரியாததை. தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோன் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோன்) என்றால், நுரையீரலின் அடிவரை போகும் துகள் நான்கைந்து மைக்ரோன்தான். கன்னத்தோடு ஒட்டாத காகித முகமூடியின் ஓரத்து இடைவெளி அதற்கு அகலத் திறந்த வாசல். நுண்தூசியை வடிகட்டும் என்95 வகை முகமூடியானாலும் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதித்துத் தர வேண்டும். தாடி இருந்தால் அதுவும் பயன்படாது.

தூசியை அது பிறக்கும் இடத்திலேயே பிடிப்பதுதான் சரியான வழி, முகமூடி அதற்குப் பிறகே. மூட்டைக்குள் தூள் கொட்டும் வாயைச் சுற்றி உறிஞ்சு குழாய், அரவை இயந்திரத்துக்கு மூடி, கல்லுடைக்கும் இடத்தில் நீர்த்தெளிப்பு, விளக்குமாற்றுக்குப் பதில் வடிகட்டியுள்ள உறிஞ்சி இயந்திரம் ஆகியவை வேண்டும். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்வதை மகன் இன்றோடு நிறுத்தட்டும்; அந்த ஒரு நிமிடத்தில் நாள் முழுதும் படிந்த தூசி அவன் மூக்குக்கு நேரே எழுகிறது. சட்டையை ஆலையிலேயே மாற்றிவிட்டு வரட்டும். அதை உதறித் துவைக்கும்போது நீங்களும் அதே தூசியைத்தான் சுவாசிக்கிறீர்கள், அம்மா.

இவற்றைச் செய்வது முதலாளியின் கடமை. 2000-ஆம் ஆண்டின் இரசாயன விதிமுறைகளின்படி, பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு ஆபத்தை மதிப்பிட வேண்டும். தேவையென்று கண்டால் காற்றை அளக்கவும், தொழிலாளர் உடல்நலத்தைத் தொழில்சார் மருத்துவரைக் கொண்டு தன் செலவில் கண்காணிக்கவும் வேண்டும். நோய் தொழிலால் வந்தது என்று தெரிந்தால், சொக்சோ என்று நாம் இன்னும் அழைக்கும் பெர்கேசோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், உரிமை கோரலாம். வேலையை விட்ட பின்னும் கோரலாம். ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: கல்மலையில் லோரி ஓட்டுகிறேன். இரவெல்லாம் மழை பெய்த மறுநாள், மலைமுகத்தின் அடியில் போய்க் கல் ஏற்றச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமா?
— ஓர் ஓட்டுநர்

பதில்: தம்பி, மறுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்திலிருந்து விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் சொல்லாமல் போய்விடாதீர்கள். முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) எழுத்தாகவும் அனுப்பி, மலைமுகத்தைப் படமெடுத்து வையுங்கள். புதிய விரிசல், தானாக உதிரும் சிறு கற்கள், முன்பில்லாத இடத்தில் கசியும் நீர் ஆகியவை அந்த நியாயமான காரணங்கள்.

சுண்ணாம்புக்கல் மழைநீரில் கரைந்து கரைந்து உள்ளே பிளவுபட்டிருக்கும் கல். தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துச் செல்லும் ஈப்போ கல்லுமலையை, குனோங் சீரோவை, நினைத்துப் பாருங்கள். 1973 அக்டோபரில் அம்மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து கீழிருந்த நீண்ட வீட்டின்மேல் விழுந்ததில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். வெடி வைத்து அதிரும் மலை இன்னும் கவனமாகப் பார்க்கப்பட வேண்டும்: படிப்படியாக வெட்டியிருக்க வேண்டும், மழைக்குப் பின் தகுதியுள்ளவர் பார்த்து அனுமதித்த பிறகே வண்டி உள்ளே போக வேண்டும். நீங்கள் ஓட்டும் மண்சாலையின் பள்ளத்து ஓரத்தில், பெரிய லோரிச் சக்கரத்தின் பாதி உயரத்துக்காவது மண் வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் ஆறு வெள்ளையாகிறது. கேட்டால் "உங்கள் பிள்ளைகளின் வேலை போய்விடும்" என்கிறார்கள். வேலையா, ஆறா?
— ஓர் ஆசிரியை

பதில்: அப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி உங்களை நிறுத்துவதே தவறு. ஆற்றில் கலக்கும் வெள்ளை வீணாகும் சரக்கு. வண்டல் குட்டைகளில் தேக்கித் தெளியவைத்து, அந்நீரையே தூசி தணிக்கத் திருப்பிப் பயன்படுத்தும் ஆலையில் ஆறும் தெளியும், தொழிலாளியின் நெஞ்சும் தெளியும். முதல் நாளிலேயே மேல்மண்ணைச் சேமித்து, தோண்டி முடித்த பகுதிகளை உடனுக்குடன் சீராக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் ஈயம் தோண்டிய கிந்தா பள்ளத்தாக்கின் வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1985-இல் ஈய விலை சரிந்து லம்பங்கள் எனும் ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. குட்டைகளும் மணல்வெளியும் நமக்கு மிஞ்சின.

சுண்ணாம்பு மலையோ போனால் போனதுதான். பகாங்கின் புக்கிட் பஞ்சிங் முழுவதும் உடைக்கப்பட்டபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு சிறு நத்தையினம் அழிந்தது. சுண்ணாம்பு மலைக் குகைகளில் தங்கும் தேன் வௌவால்கள்தாம் இரவில் டுரியான் பூக்களில் மகரந்தம் சேர்க்கின்றன என்பதை உங்கள் மாணவருக்குச் சொல்லுங்கள். பிறகு, மழை நாளில் ஆலைக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல் என ஆற்று நீரை எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஒட்டி, அருகருகே வைத்துப் படமெடுங்கள். ஆற்றில் இறங்காமல் பாலத்தின் மேலிருந்தே, பெரியவர்களைக் கொண்டு எடுங்கள். அப்படங்களோடு சுற்றுச்சூழல் துறைக்கு எழுதுங்கள்.