பிடுங்கினால் ஒரு நாள், காப்பாற்றினால் நாலு நாள்

கேள்வி: அம்மா ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறார். மூன்று மாதமாகக் கடைவாய்ப் பல் வலி. லவங்கத்தை அடக்கிக்கொண்டும் மாத்திரை போட்டும் ஓட்டினார். சேலத்துக்குக் கூட்டிப் போனதில், “காப்பாத்தலாம், நாலு தடவை வரணும்” என்றார் டாக்டர். அம்மா “பிடுங்கிடுங்க சார்” என்று சொல்லிவிட்டார். ஒழுங்காகப் பல் தேய்க்காததுதான் காரணம் என்று அண்ணன் திட்டுகிறான். தப்பு எங்கள் மேல்தானா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: அண்ணனை ஒரு கணக்குப் போடச் சொல்லும்மா. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, டவுன் பஸ் பிடித்து, சீட்டு வாங்கி, பெஞ்சில் காத்திருந்து, மறுபடி மலை ஏறுவதற்குள் அன்றைய கூலி போச்சு. நாலு தடவை என்றால் நாலு கூலி, அதுவும் பழம் பறிக்கிற சீசனில் என்றால் இன்னும் மோசம், துணைக்கு வந்த உன் கூலி வேறு. பிடுங்கினால் ஒரே நாளில் முடிந்தது. அம்மா போட்டது சரியான கணக்குதான். அந்தக் கணக்கு அப்படி வரும்படி வைத்திருப்பவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

தேய்ப்பது முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் சொத்தைக்கு அடிப்படை சர்க்கரை. பசியை அமுக்க நாளுக்கு ஐந்து தடவை சர்க்கரை டீ குடிக்கிறவரிடம் போய் பிரஷ் பிடிக்கிற விதத்தை மட்டும் பாடம் எடுத்து என்ன பயன்?

மலையில்தான் இப்படி என்றில்லை. சேலத்தில் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். வீங்கிய கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு ஒரு தறிக்காரர் வந்தார், பல்லைப் பிடுங்காமல் உள்ளே சுத்தம் செய்து காப்பாற்றுகிற ரூட் கேனலுக்கு எவ்வளவு என்று கேட்டார், பதிலைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய வாய் நலத் திட்டம் 2014-15லேயே வந்தது. அதற்கு முந்தைய வருடம் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கே வந்து பிள்ளைகளின் சொத்தையையும் பார்க்கிறார்கள். சரி, பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு மலை இறங்குவது யார்? அங்கேதான் நிற்கிறது. இத்தனைக்கும் சில்வர் டையமின் ஃபுளோரைடு என்று ஒரு மருந்து இருக்கிறது. குடைய வேண்டாம், ஊசி வேண்டாம், சொத்தையில் ஒரு சொட்டுத் தடவினால் அது பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். தடவிய இடம் கறுத்துப்போகும், அதுதான் முக்கியமான குறை. உலக சுகாதார நிறுவனம் 2021ல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பள்ளிக்கூட பெஞ்சில் வைத்தே தடவலாம். அம்மாவின் பல் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் உன் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அடுத்த முறை பள்ளிக்கு டாக்டர் வரும்போது இதைக் கேள்.

கேள்வி: உப்பும் கரித்தூளும் போதாதா? பேஸ்ட் எதற்கு?
– வாசகர், அம்மாபேட்டை

பதில்: கரி பல்லை அராவிவிடும். பேஸ்டில் வேலை செய்வது நுரை இல்லை, சொத்தையைத் தடுக்கிற ஃபுளோரைடு. விலை குறைந்ததைப் பார்த்து வாங்குங்கள், வரி 2025 செப்டம்பரில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது.

கேள்வி: எங்கள் ஊரில் போர் தண்ணீர்தான். பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. ஃபுளோரைடு நல்லது என்கிறீர்கள், இங்கே அதுதான் காரணம் என்கிறார்கள்!
– வாசகர், ஓமலூர்

பதில்: இரண்டுமே உண்மை, அளவில்தான் விஷயம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரை, பல் உருவாகிற வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரை குடித்தால் கறை பல்லுக்குள்ளேயே பதிந்துவிடும், பிரஷ்ஷால் போகாது. காய்ச்சினாலும் பயனில்லை, தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். கேன் வாங்குகிற வீட்டுப் பிள்ளை தப்பிக்கிறது, போர் தண்ணீர் வீட்டுப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. காவிரித் தண்ணீர் கொஞ்சமாக வந்தாலும் பிடித்து, பிள்ளைகள் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வையுங்கள், துவைக்க போர் தண்ணீர் போதும். அப்புறம், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் போர் தண்ணீரைப் பரிசோதித்து, அந்தத் தாளோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போங்கள். முடிந்தால் தெருவே சேர்ந்து போங்கள்.